எல் அப்போஸ்தோல்

எல் அப்போஸ்தோல் 1917ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவில் வெளியிடப்பட்ட ஒரு மௌன அசைவூட்டத் திரைப்படமாகும். இத்தாலியில் பிறந்து ஆர்ஜென்டீனாவில் வளர்ந்த கிரீனோ கிறிஸ்தியானி இதனை இயக்கினார். பெதெரிக்கோ வல்லே தயாரித்தார். அக்காலத்தில் ஆர்ஜென்டீனாவின் குடியரசுத் தலைவராக இருந்த இப்போலித்தோ இரிகோயெனைக் கேலி செய்யும் அரசியல் அங்கதப் படம் இது. உலகின் முதலாவது முழுநீள அசைவூட்டத் திரைப்படம் இதுவே எனத் திரைப்பட வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர்.

இத்திரைப்படத்தின் படி எதுவும் இன்று இல்லை. தயாரிப்பாளரின் படப்பிடிப்புக் கூடத்தில் 1926இல் ஏற்பட்ட தீயில் இது அழிந்துபோனது. எனவே இப்படத்தைப் பற்றி நூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் காணப்படும் செய்திகள் எவையும் படத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அக்கால இதழ்க் குறிப்புகள், இயக்குநரின் முதுமைக்கால நினைவுகள், அவற்றைத் தொகுத்த ஆய்வாளரின் நூல்கள் ஆகியவற்றிலிருந்தே அவை பெறப்பட்டுள்ளன. ஆகையால் இப்படம் குறித்த ஒவ்வொரு தகவலும் எதனைச் சார்ந்து நிற்கிறது என்று அறிவது இன்றியமையாததாகிறது.

பெயர்

எசுப்பானிய மொழியில் "அப்போஸ்தோல்" என்பது இயேசுவின் திருத்தூதரைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ் விவிலியத்தில் வழங்கும் "அப்போஸ்தலர்" என்னும் சொல்லும் இதுவும் "அனுப்பப்பட்டவர்" எனப் பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. "எல்" என்பது எசுப்பானியச் சுட்டுச்சொல். எனவே படத்தின் பெயரைத் "திருத்தூதர்" எனத் தமிழில் கூறலாம். பெயரைப் பார்த்து இதனைச் சமயப் படம் என்று கொள்ளுதல் தவறாகும். நாட்டின் பொதுவாழ்வைத் தூய்மைப்படுத்த வந்தவர் என ஆதரவாளர்களால் போற்றப்பட்ட ஓர் அரசியல் தலைவரை நோக்கிய ஏளனமே இப்பெயர்.

அரசியல் பின்னணி

ஆர்ஜென்டீனாவில் 1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சாயென்ஸ் பெஞ்ஞா சட்டம் ஆண்களுக்குப் பொதுவான, மறைவான, கட்டாய வாக்குரிமையை நடைமுறைப்படுத்தியது. இச்சட்டத்தின்கீழ் நடைபெற்ற முதலாவது குடியரசுத் தலைவர் தேர்தலில் தீவிரக் குடிமை ஒன்றியம் என்னும் கட்சியின் தலைவரான இரிகோயென் வெற்றிபெற்று 1916 அக்டோபர் 12 அன்று பதவியேற்றார். அதுவரை நிலவுடைமைக் குடும்பங்களைச் சார்ந்த பழமைவாதிகளே நாட்டை ஆண்டு வந்தனர். ஊழலையும் தேர்தல் மோசடியையும் ஒழிப்பதே தம் கடமை என்று இரிகோயென் அறிவித்திருந்தார்.

அவர் பொதுக்கூட்டங்களில் பேசுவதைப் பெரும்பாலும் தவிர்த்தவர். எளிமையாகவும் ஒதுங்கியும் வாழ்ந்தவர். வளையை விட்டு எளிதில் வெளிவராத அர்மடில்லோ என்னும் விலங்கின் பெயரால் "எல் பெலூதோ" என அவரை மக்கள் அழைத்தனர். கேலிச்சித்திரக்காரர்களுக்கு இத்தகைய தலைவர் ஒரு பெருங்கொடை என்பதில் ஐயமில்லை.

தயாரிப்பு

பெதெரிக்கோ வல்லேயும் இத்தாலியில் பிறந்தவர். புவெனஸ் ஐரிஸ் நகரில் செய்திப்படங்களைத் தயாரித்து வெளியிட்டு வந்தார். செய்திப்படத்தின் இறுதியில் அரசியல் கேலிச்சித்திரம் ஒன்றையும் சேர்க்க விரும்பிய அவர், இளம் ஓவியரான கிறிஸ்தியானியை அமர்த்திக்கொண்டார். 1896 ஜூலை 2 அன்று இத்தாலியின் சாந்தா ஜுலெத்தா என்னும் சிற்றூரில் பிறந்த கிறிஸ்தியானி, நான்கு வயதில் பெற்றோருடன் ஆர்ஜென்டீனாவுக்குக் குடிபெயர்ந்தவர். படம் அசைய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிரான்சு நாட்டவரான எமில் கோல் உருவாக்கிய அசைவூட்டக் குறும்படம் ஒன்றை வல்லே அவருக்குக் காட்டியதாகவும், அதனைப் பார்த்தே அவர் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டதாகவும் கூறப்படுகிறது.

இதன் பயனாக உருவான முதற்படைப்பு, புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தில் நடுவண் அரசு தலையிட்டதைப் பற்றிய ஒரு மிகச் சிறிய படமாகும். அதன் வெற்றியைக் கண்ட வல்லே ஒரு முழுநீளப் படத்தை எடுக்கத் துணிந்தார்.

எல் அப்போஸ்தோல் படத்தின் திரைக்கதையை அல்போன்சோ தெ லபெரேரே எழுதினார். அக்காலத்தில் நாடறிந்த கேலிச்சித்திரக்காரராக விளங்கிய தியோகெனெஸ் தபோர்தா பாத்திரங்களின் தோற்றத்தை வரைந்தார். தபோர்தாவின் பெயர் படத்துக்கு விளம்பரமாகப் பயன்பட்டது. எனினும் அச்சில் அழகாகத் தோன்றும் ஓவியம் அசைவுக்கு ஏற்றதாக இருப்பதில்லை. நுணுக்கமான கோடுகள் நிறைந்த உருவத்தைப் பல்லாயிரம் முறை நகர்த்துவது கடினம். ஆகவே அவ்வுருவங்களை எளிமையாக்கி, அசைவூட்டத்துக்குரியனவாக மாற்றியவர் கிறிஸ்தியானியே.

படத்தில் கையாளப்பட்ட முறை வெட்டுருவ அசைவூட்டம் ஆகும். உருவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, தலை, கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து மூட்டுகளில் இணைப்பர். தோற்பாவைக் கூத்தின் பாவைகளைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். பாவைக்கூத்தில் கலைஞர் பாவையை ஆட்டிக்கொண்டே இருப்பார். இங்கோ உருவத்தைச் சிறிதளவு நகர்த்தி ஒரு படச்சட்டத்தைப் பதிவு செய்வர். மீண்டும் நகர்த்தி அடுத்ததைப் பதிவு செய்வர். ஒவ்வொரு அசைவுக்கும் புதிதாக வரைய வேண்டியதில்லை என்பதே இம்முறையின் நன்மை.

நகரம் தீப்பற்றி எரியும் இறுதிக்காட்சிக்காகப் பிரான்சு நாட்டவரான ஆந்த்ரே துக்கோ என்பவர் புவெனஸ் ஐரிஸ் நகரின் பெருங்கட்டடங்களைச் சிறிய மாதிரியுருக்களாக அமைத்தார். நாடாளுமன்றமும் சுங்க மாளிகையும் அவற்றுள் அடங்கும். இம்மாதிரியுருக்கள் எரிவது படமாக்கப்பட்டது. அக்காலப் பார்வையாளரை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே எனக் கூறப்படுகிறது.

கதை

நாட்டில் பெருகிய ஊழலையும் ஒழுக்கக்கேட்டையும் கண்டு மனம் வெதும்பும் குடியரசுத் தலைவர் இரிகோயென் ஒலிம்பஸ் மலையுலகுக்கு ஏறிச் செல்கிறார். அங்கே கடவுளருடன் அரசியல் பேசுகிறார். யூப்பிட்டர் கடவுளிடமிருந்து இடிகளைப் பெற்று, அவற்றைக் கொண்டு புவெனஸ் ஐரிஸ் நகரைத் தூய்மைப்படுத்த முற்படுகிறார். முடிவில் நகரமே எரிந்து சாம்பலாகிறது. படத்தைப் பற்றிய நூல்கள் அனைத்தும் ஏறத்தாழ இந்தச் சுருக்கத்தையே தருகின்றன. காட்சிவாரியாக விரிவான கதையை எங்கேனும் காண நேர்ந்தால் அதனை ஐயத்துடன் அணுகுதல் நலம்.

வெளியீடும் அழிவும்

படம் 1917 நவம்பர் 9 அன்று புவெனஸ் ஐரிஸில் செலெக்ட் சுயிப்பாச்சா திரையரங்கில் வெளியிடப்பட்டது. நகர மக்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றது. ஆயினும் உள்ளூர் அரசியலையும் உள்ளூர் மனிதர்களையும் அறிந்தவர்களுக்கே சுவைக்கக்கூடிய நகைச்சுவை என்பதால் வெளிநாடுகளில் அது அறியப்படவில்லை. உலகப் புகழ் கிட்டாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அக்காலத் திரைப்படச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. இப்பொருள் எளிதில் தீப்பற்றும். பற்றிய பின்னர் தனக்கு வேண்டிய ஆக்சிசனைத் தானே வெளிவிடுவதால் நீரை ஊற்றியும் அணைக்க இயலாது. உலகெங்கும் மௌனப் படங்களுள் பெரும்பகுதி அழிந்துபோனமைக்குத் தீயும், சுருள்கள் தாமே சிதைவதும், பழைய சுருள்களுக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் காரணங்களாகும். வல்லேயின் கூடத்தில் 1926இல் ஏற்பட்ட தீ எல் அப்போஸ்தோலையும் கொண்டுசென்றது. கிறிஸ்தியானியிடம் எஞ்சியிருந்த பிற படைப்புகளும் 1957, 1961 ஆகிய ஆண்டுகளில் அவரது ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த தீவிபத்துகளில் அழிந்தன. ஒரே கலைஞரின் வாழ்நாள் உழைப்பு மூன்று தீக்களில் மறைந்தது வரலாற்றில் அரிது.

மீண்டும் அறியப்படல்

பல பத்தாண்டுகளாக இப்படம் ஆர்ஜென்டீனாவுக்கு வெளியே ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. இத்தாலிய அசைவூட்ட வரலாற்றாளரான ஜன்னல்பெர்த்தோ பெந்தாத்சி (1946–2021) இதனை மீண்டும் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். முதுமையில் வாழ்ந்துவந்த கிறிஸ்தியானியிடமிருந்து செய்திகளைத் திரட்டிய அவர், 1983இல் இத்தாலிய மொழியில் கிறிஸ்தியானியின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மறு ஆண்டே, 1984இல், கிறிஸ்தியானி காலமானார். சில ஆண்டுகள் தாழ்ந்திருந்தால் நேரடிச் சான்று கூறத்தக்கவர் எவரும் இருந்திருக்கமாட்டார். 2007ஆம் ஆண்டில் பெந்தாத்சியின் மற்றொரு நூலும், கப்ரியேலே சுக்கெல்லி இயக்கிய ஆவணப்படம் ஒன்றும் வெளிவந்தன.

தகவல்களின் நம்பகத்தன்மை

பத்து நூல்களும் நூறு வலைத்தளங்களும் ஒரே செய்தியைக் கூறினால் அச்செய்தி உறுதியானது எனத் தோன்றும். எல் அப்போஸ்தோலைப் பொறுத்தவரை இத்தோற்றம் ஏமாற்றக்கூடியது. அவற்றுள் பெரும்பாலானவை பெந்தாத்சியின் நூல்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ பின்பற்றுபவை. ஆகவே அவை நூறு சான்றுகள் அல்ல. ஒரே சான்றின் நூறு எதிரொலிகள். பெந்தாத்சி தேர்ந்த ஆய்வாளர். அவரது உழைப்பின்றி இப்படம் பெயரளவில்கூட அறியப்பட்டிராது. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நினைவிலிருந்து ஒருவர் கூறியதற்கும் 1917ஆம் ஆண்டின் நாளிதழில் அச்சிடப்பட்டதற்கும் வேறுபாடு உண்டு. வெளியீட்டு நாள், திரையரங்கு, தயாரிப்பாளர் பெயர் போன்றவை அக்கால விளம்பரங்களையும் செய்திகளையும் கொண்டு சரிபார்க்கத்தக்கவை. தொழில்நுட்ப விவரங்கள் அத்தகையன அல்ல.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு படத்தின் நீளமாகும். படத்தில் 58,000 ஓவியங்கள் இருந்தன. நொடிக்கு 14 படச்சட்டங்கள் என்னும் வேகத்தில் ஓடியது. கால அளவு 70 நிமிடங்கள் என மூன்று எண்கள் எங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. 58,000 என்பதை 14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,143 நொடிகள், அதாவது 69 நிமிடங்கள் கிடைக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதால் மூன்றும் உண்மை என்று முடிவு செய்வது எளிது. ஆனால் இரண்டு எண்கள் தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டே பெறலாம். எனவே இவை ஒன்றையொன்று உறுதிசெய்யும் மூன்று தனிச் சான்றுகள் என்று கொள்ள இயலாது. ஒன்று பிழையானால் மற்றொன்றும் சேர்ந்து பிழையாகும்.

மேலும் "58,000 ஓவியங்கள்" என்னும் சொல்லாட்சியும் பொருந்தாது. வெட்டுருவ முறையில் ஒரே அட்டை உருவம் நூற்றுக்கணக்கான படச்சட்டங்களில் பயன்படுத்தப்படும் என்பது மேலே கூறப்பட்டது. ஆகவே இவ்வெண் ஓவியங்களின் எண்ணிக்கையாக இருத்தல் அரிது. பதிவு செய்யப்பட்ட படச்சட்டங்களின் எண்ணிக்கையாகக் கொண்டால்தான் கணக்கு ஒத்துவரும். பல கட்டுரைகள் இவ்வேறுபாட்டைக் கவனியாமல் ஐம்பத்தெட்டாயிரம் படங்கள் கையால் வரையப்பட்டதாக எழுதிச் செல்கின்றன.

மௌனப் படக் காலத்தில் ஒளிப்பதிவுக் கருவியும் பெரும்பாலும் கையால் சுழற்றப்பட்டது. திரையரங்குகளில் படத்தை ஓட்டும் வேகமும் இடத்துக்கு இடம் மாறியது. இதே 58,000 படச்சட்டங்களை நொடிக்கு 16 என ஓட்டினால் 60 நிமிடங்களும், பேசும்படங்களின் வேகமான 24 என ஓட்டினால் 40 நிமிடங்களுக்குச் சற்று மேலும் ஆகும். எனவேதான் மௌனப் படங்களின் அளவை நிமிடங்களில் கூறாமல் சுருளின் நீளத்தில் கூறுவதை ஆய்வாளர் விரும்புகின்றனர். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள் அமையும். அதன்படி இப்படம் சுமார் 3,625 அடி, அல்லது 1,105 மீட்டர் நீளமுடையதாக இருந்திருக்கும். ஆயிரம் அடிச் சுருள்களாகக் கொண்டால் நான்கு சுருள்கள் வேண்டும். படத்தின் சுருள் எண்ணிக்கையையோ மீட்டர் அளவையோ கூறும் 1917ஆம் ஆண்டு ஆவணமே இக்கணக்கைச் சோதிக்கத்தக்க தனிச் சான்றாக அமையும்.

ஆண்டுக் குறிப்புகளிலும் எச்சரிக்கை தேவை. கிறிஸ்தியானியின் முதற் குறும்படம் பல பட்டியல்களில் 1916ஆம் ஆண்டுக்குரியதாகக் காட்டப்படுகிறது. புவெனஸ் ஐரிஸ் மாகாண ஆளுநரான மார்செலினோ உகார்த்தேயைப் பதவியிலிருந்து அகற்றிய நடுவண் அரசின் தலையீடே அதன் பொருள். இரிகோயென் அத்தலையீட்டுக்கு ஆணையிட்டதோ 1917 ஏப்ரலில். நிகழ்ச்சிக்கு முன்னரே அதனைப் பற்றிய படம் வெளிவந்திருக்க முடியாது. ஒன்று, ஆண்டு பிழையாக இருத்தல் வேண்டும். அல்லது தலையீடு நிகழுமுன் அதுபற்றி எழுந்த பேச்சை வைத்துப் படம் எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். முன்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் குறும்படத்துக்கும் நவம்பரில் வெளியான முழுநீளப் படத்துக்கும் இடையே சில மாதங்களே இருந்திருக்கும். அத்துணைக் குறுகிய காலத்தில் 58,000 படச்சட்டங்களைப் பதிவு செய்வதாயின் நாளொன்றுக்குச் சில நூறு படச்சட்டங்கள் தவறாது எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இது இயலாததன்று, எனினும் எளிதுமன்று. ஒரு சிறிய ஆண்டுக் குறிப்பு பெரிய எண் ஒன்றின் மீதே ஐயத்தை எழுப்புவதை இங்கே காணலாம்.

படத்தின் காட்சி எனக் கூறி அசையும் படத்துணுக்கு எதுவும் காட்டப்பட்டால் அதனை ஏற்றுக்கொள்ள இயலாது. பாத்திரங்களின் ஓவியங்களும் மாதிரியுருக்களின் நிழற்படங்களும் வேறு. திரையில் ஓடிய படம் வேறு.

"முதலாவது" என்னும் கூற்று

உலகின் முதலாவது முழுநீள அசைவூட்டத் திரைப்படம் வால்ட் டிஸ்னியின் "ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்" என்று பலர் எண்ணுகின்றனர். அப்படம் 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே எல் அப்போஸ்தோல் வெளியாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் உருவான முதலாவது முழுநீள அசைவூட்டப் படம் என்பதும், ஒளிபுகும் செல்லுலாய்டுத் தாள்களில் வரையும் முறையில் அமைந்த முதலாவது முழுநீளப் படம் என்பதும் ஸ்னோ ஒயிட்டுக்குப் பொருந்தும். அடைமொழிகள் நீங்கியதும் கூற்று பொய்யாகிவிடுகிறது. அதே 1937ஆம் ஆண்டு ஏப்ரலில் லாதிஸ்லாஸ் ஸ்தாரேவிச்சின் பொம்மை அசைவூட்டப் படமான "நரியின் கதை" பெர்லினில் வெளியாகியிருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

இரண்டாவதாகக் கூறப்படும் படம் ஜெர்மனியில் லோத்தே ரைனிகர் உருவாக்கிய "இளவரசர் அகமதின் சாகசங்கள்" (1926) ஆகும். கருந்தாளில் வெட்டிய நிழலுருவங்களால் ஆன இப்படம் சுமார் 65 நிமிடங்கள் ஓடுகிறது. இதன் மூல எதிர்ச்சுருளும் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. ஆயினும் பிரித்தானியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் ஒரு நைட்ரேட் படி எஞ்சியிருந்தது. அதைக்கொண்டு 1999இல் படம் மீட்டெடுக்கப்பட்டது. எஞ்சியுள்ள முழுநீள அசைவூட்டத் திரைப்படங்களுள் மிகப் பழையது இதுவே. இதன் நீளத்தை எவரும் அளந்து பார்க்கலாம். எல் அப்போஸ்தோலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எல் அப்போஸ்தோலின் முதன்மையை ஐயுறுவோர் இரண்டு வினாக்களை எழுப்பலாம். படம் உண்மையிலேயே முழுநீளமுடையதா என்பது முதலாவது. திரைப்பட நிறுவனங்கள் பொதுவாக 40 நிமிட அளவை முழுநீளப் படத்துக்கான எல்லையாகக் கொள்கின்றன. 58,000 என்னும் எண்ணை ஏற்றால், எவ்வேகத்தில் ஓட்டினாலும் படம் அவ்வெல்லையைக் கடக்கிறது. அவ்வெண் மிகைப்படுத்தப்பட்டதாயின் முடிவு மாறலாம். படம் முழுவதும் அசைவூட்டம்தானா என்பது இரண்டாவது. மாதிரியுருக்கள் எரியும் காட்சி இயல்பான ஒளிப்பதிவால் எடுக்கப்பட்டிருந்தால் அப்பகுதி கண்டிப்பான பொருளில் அசைவூட்டம் ஆகாது. இவ்வினாக்களால் படத்தின் சிறப்பு குறைந்துவிடாது. எனினும் "அறியப்பட்டவற்றுள் முதலாவது" என எழுதுவது "உலகின் முதலாவது" என எழுதுவதைவிடச் சான்றுகளுக்கு நெருக்கமானது.

கிறிஸ்தியானியின் பிற படங்கள்

எல் அப்போஸ்தோலுக்குப் பின்னர் கிறிஸ்தியானி "சின் தெஹார் ரஸ்த்ரோஸ்" (தடயமின்றி, 1918) என்னும் படத்தை எடுத்தார். முதலாம் உலகப் போரின்போது ஆர்ஜென்டீனக் கப்பல்களைத் தடயமின்றி மூழ்கடிக்குமாறு ஜெர்மானியத் தூதர் லுக்ஸ்பர்க் அனுப்பிய மறைமொழித் தந்திகள் 1917இல் அம்பலமானதே இதன் கரு. போரில் நடுநிலை காத்துவந்த இரிகோயென் அரசு இப்படத்தைப் பறிமுதல் செய்தது. தம்மையே கேலி செய்த படத்தை ஓடவிட்ட அரசு, அயல்நாட்டைச் சினமூட்டக்கூடிய படத்தைத் தடுத்தது கவனிக்கத்தக்கது.

அடுத்த முழுநீளப் படமான "பெலூதோபொலிஸ்" 1931 செப்டம்பரில் வெளியானது. ஒலியுடன் அமைந்த முதலாவது முழுநீள அசைவூட்டத் திரைப்படமாக இது குறிப்பிடப்படுகிறது; ஒலி தனி இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டிருந்தது. இதுவும் இரிகோயெனைப் பற்றியதே. படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, 1930 செப்டம்பர் 6 அன்று, ஜெனரல் உரிபுரு தலைமையிலான இராணுவம் இரிகோயெனின் ஆட்சியைக் கவிழ்த்தது. ஆட்சியிலிருப்பவரைக் கேலி செய்யத் தொடங்கிய படம் வீழ்த்தப்பட்டவரைக் கேலி செய்யும் படமாக மாறிவிடவே, கிறிஸ்தியானி அதன் பகுதிகளை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. இரிகோயென் 1933இல் காலமானபோது அவர் மீதுள்ள மதிப்பால் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இவ்விரு படங்களும் எல் அப்போஸ்தோலைப் போலவே இன்று இல்லை.

கிறிஸ்தியானியின் படைப்புகளுள் எஞ்சியிருப்பது "எல் மோனோ ரெலொஹேரோ" (கடிகாரம் செய்யும் குரங்கு, 1938) என்னும் குறும்படம் மட்டுமே. இது கொன்ஸ்தான்சியோ விஹில் எழுதிய சிறுவர் கதையைத் தழுவியது. எல் அப்போஸ்தோலுக்கு இருபத்தொரு ஆண்டுகள் பிந்தியது; அரசியல் அங்கதமும் அன்று. ஆகவே 1917ஆம் ஆண்டில் புவெனஸ் ஐரிஸ் மக்கள் திரையில் கண்டது எத்தகைய அசைவு என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.